முதல் ஊசி தனக்கே: வால்டெமார் ஹாஃப்கினின் வாழ்வு

ராஜபாளையம் அருகிலுள்ள செட்டியார்பட்டியில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று. வீட்டுப் பெரியவருக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். வெளியூர் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது, புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, செலவில்லாமல் தருகிறோம் என்று சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு பக்கத் தாளை நீட்டினார்கள். முழுவதும் ஆங்கிலம். அத்தாவுக்கு நல்லது நடந்தால் போதும் என்று மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஊருக்கு வந்து எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, மூலையில் அமர்ந்திருந்த நன்னி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த மருந்தை முதலில் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்பதே அது. வீட்டில் பட்டதாரிகள் மூன்று பேர் இருந்தும் ஒருவரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வந்தவர், நம் நாட்டில் காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கொண்டுவந்த வால்டெமார் ஹாஃப்கின். அவர் நம் நாட்டவர் அல்ல, நம் மார்க்கத்தவரும் அல்ல. ஒரு யூதர். ஆனால் நம் பாட்டன்மார் காலத்தில் இந்த மண்ணில் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைக்க இறைவன் அவரை ஒரு காரணமாக்கினான். நன்னியின் கேள்விக்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் மட்டும் போதாது என்பதும் அவருடைய வாழ்விலேயே தெரிந்துவிட்டது.

ஒடெசாவிலிருந்து பாரிஸ் வரை

ஹாஃப்கின் 1860 மார்ச் 15 அன்று அன்றைய ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரமான ஒடெசாவில் பிறந்தார். இன்று அது உக்ரைனில் உள்ளது. யூதர்களின் வீடுகளும் கடைகளும் கலவரக் கும்பல்களால் சூறையாடப்பட்ட காலம் அது. மாணவராக இருந்த ஹாஃப்கின் தம் மக்களைக் காக்கும் தற்காப்புக் குழுவில் சேர்ந்தார், அடிபட்டார், சிறைக்கும் போனார். அவருடைய பேராசிரியர் மெச்னிகோவ் தலையிட்டதால் விடுதலையானார்.

படிப்பில் சிறந்தவர்தான். ஆனால் யூதராக இருக்கும்வரை பல்கலைக்கழகத்தில் உயர் பதவி கிடைக்காது, மதம் மாறினால் கிடைக்கும் என்ற நிலை. அவர் மாறவில்லை. ஒடெசாவை விட்டு 1888-ல் ஜெனீவாவுக்கும், அடுத்த ஆண்டு பாரிஸுக்கும் சென்றார். அங்கே லூயி பாஸ்டரின் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலை. பகலில் புத்தகம் அடுக்கினார், மீதி நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் காலராக் கிருமியுடன் உழைத்தார்.

நம் ஊர்ப் பெரியவர்கள் வாந்திபேதி என்று சொன்ன நோய்தான் காலரா. காலையில் நன்றாக நடமாடியவர் மாலையில் மையித்தாக இருப்பார். அதற்கு ஒரு தடுப்பு காணவேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

பேச முடியாத ஜீவன்கள்

ஹாஃப்கின் காலராக் கிருமியைக் கினிப் பன்றியின் வயிற்றுக்குள் செலுத்தினார். அது இறந்ததும் அதன் வயிற்றிலிருந்து கிருமியை எடுத்து அடுத்ததற்குச் செலுத்தினார். இப்படி 39 முறை. ஒவ்வொரு முறையும் கிருமியின் வீரியம் கூடியது. இன்னொரு பக்கம், வெப்பமும் காற்றும் கொடுத்து வளர்த்து அதே கிருமியைப் பலவீனப்படுத்தினார். முதலில் பலவீனமானது, பிறகு வீரியமானது என்று இரண்டு ஊசி. இரண்டையும் தாங்கிய விலங்கைக் காலரா கொல்லவில்லை. முயல்களிலும் புறாக்களிலும் சோதித்து இதை உறுதிப்படுத்திக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது நமக்கு மனம் கனக்கிறது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியையும், தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ராஜபாளையம் என்றதும் வெள்ளை நாய் நினைவுக்கு வரும் வட்டாரத்தில் வாழ்கிறோம். வாயில்லா ஜீவனை வதைப்பது பாவம் என்பதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே நேரம், அந்த ஜீவன்களால் நாம் அடைந்த பயனையும் மறைக்க முடியாது. வீட்டில் வயதானவர்களின் கையைப் பாருங்கள், அம்மை குத்திய தழும்பு இருக்கும். அந்த அம்மைப்பால் கன்றுக்குட்டிகளின் உடலில் உண்டாக்கப்பட்டது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் நம் மாகாணத்துக்கு அதைத் தயாரித்துக் கொடுத்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மருந்து செம்மறியாட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வெகுகாலம் அப்படித்தான் தயாரித்தார்கள். இன்று அது ஒழிந்துவிட்டது. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். வலியும் குறைவு, ஆபத்தும் குறைவு. வழி தேடினால் வழி கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஹாஃப்கின் காலத்தில் அந்த வழி இல்லை. ஆனால் விலங்குச் சோதனை முடிந்ததும் அவர் எடுத்த அடுத்த அடி கவனிக்கத்தக்கது. ஏழை ஒருவரையோ, அநாதைக் குழந்தையையோ, மருத்துவமனையில் கேட்பாரற்றுக் கிடந்த நோயாளியையோ அவர் தேடவில்லை. 1892 ஜூலை 18 அன்று மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். வயது 32. காய்ச்சலும் வலியும் வந்து சில நாட்களில் தணிந்தன. அதற்குப் பிறகே, விவரம் அறிந்து முன்வந்த நண்பர்களுக்குப் போட்டார்.

கல்கத்தாவின் குளக்கரையில்

காலரா ஆண்டுதோறும் உயிர் பறித்துக்கொண்டிருந்த இந்தியாவுக்கு 1893 மார்ச் மாதம் வந்து சேர்ந்தார். பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவரும் முன்பு இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவருமான டஃப்ரின் பிரபு அதற்கு உதவினார். இங்கே அவரை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் ரஷ்ய உளவாளியோ என்று சந்தேகப்பட்டார்கள். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல என்பதால் டாக்டர்கள் சிலர் மதிக்கவில்லை. மக்களோ ஊசியைக் கண்டு ஓடினார்கள்.

1894-ல் கல்கத்தாவின் கட்டால் பகான் என்ற குடிசைப் பகுதியில் குளத்து நீரால் காலரா பரவியது. அங்கே சென்றபோது ஹாஃப்கினும் உடன் வந்த வங்காள மருத்துவர்களும் மக்கள் கண்ணெதிரே முதலில் தங்களுக்கே ஊசி போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகு மக்கள் முன்வந்தார்கள். சுமார் 200 பேரில் 116 பேர் போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கே 10 பேருக்கு நோய் வந்தது, 7 பேர் இறந்தனர். பத்துப் பேருமே ஊசி போடாதவர்கள்.

இரண்டு ஆண்டுகளில் சுமார் 42,000 பேருக்கு ஊசி போட்டார். மலேரியா அவரையே படுக்கையில் தள்ளியதால் 1895-ல் ஐரோப்பா திரும்பினார். உடல் தேறியதும் மறுபடி இந்தியா வந்தார்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் வெடித்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு ஓடினார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பி ஓடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த ஒழுங்கின் அருமை இத்தகைய நேரத்தில்தான் விளங்கும். ஓடியவர்களோடு நோயும் ஊர் ஊராகப் போனது. பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிளேக்கால் மாண்டார்கள்.

அரசு ஹாஃப்கினைப் பம்பாய்க்கு அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதையொட்டிய வராந்தாவும்தான் ஆய்வுக்கூடம். ஒரு எழுத்தர், மூன்று பணியாளர்கள். வேலையின் கடுமை தாங்காமல் ஒருவர் மனம் உடைந்தார், இருவர் விட்டுப் போனார்கள். அவர் இரவு பகலாக உழைத்து மூன்றே மாதத்தில் மருந்தைத் தயாரித்தார். கிருமியை வளர்க்கும் சாற்றுக்கு மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சேர்க்காமல் ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். இந்துக்களும் முஸ்லிம்களும் மனக்குறையின்றி ஏற்கவேண்டும் என்பதே காரணம். யாருடைய உடலில் மருந்து செல்லப்போகிறதோ அவர்களுடைய நம்பிக்கையையும் கணக்கில் எடுத்த அந்தப் பண்பு பாராட்டுக்குரியது.

முயல்களில் சோதித்த பிறகு 1897 ஜனவரி 10 அன்று பிளேக் மருந்தையும் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். அதுவும் பின்னர் மக்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலான அளவு. கடும் காய்ச்சல் வந்து நீங்கியது.

அந்த மாத இறுதியில் பைகுலா சிறைச்சாலைக்குள் பிளேக் நுழைந்தது. விரும்பும் கைதிகள் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர் போட்டுக்கொண்டனர், மற்றவர்கள் மறுத்தனர். அதன்பின் வந்த நாட்களில், போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தனர். போட்டவர்களில் 2 பேருக்கு நோய் வந்தாலும் இருவரும் பிழைத்தனர்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். பூட்டிய கதவுக்குள் இருக்கும் கைதி தரும் சம்மதம் உண்மையான சம்மதமா? மறுத்தவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள் என்பதால் மறுக்க இடம் இருந்தது என்று சொல்லலாம். ஆனாலும் அதிகாரியின் முகத்தைப் பார்த்தே வாழவேண்டியவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை யார் அறிவார்? தம் உடலைத் தந்த ஹாஃப்கினுக்கு வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமை முழுமையாக இருந்தது. கைதிக்கு அது எவ்வளவு இருந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதனால்தான் இன்றைய விதிகள் கைதிகளையும் வறியவர்களையும் குழந்தைகளையும் தனிப் பாதுகாப்புக்கு உரியவர்களாகக் கருதுகின்றன.

அப்போது பம்பாயிலும் புனேயிலும் அரசு நடந்துகொண்ட விதம் வேறு. 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தார்கள், பெண்கள் இருக்கும் பகுதிக்குள்ளும் நுழைந்தார்கள், ஆட்களை இழுத்துச் சென்று முகாமில் அடைத்தார்கள். கொதித்த மக்களின் கோபம் அந்த ஆண்டு ஜூன் 22 அன்று புனேயின் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்படுவதில் போய் முடிந்தது. கட்டாயப்படுத்திய இடத்தில் வெறுப்பே வளர்ந்தது.

ஊசிக்கோ மக்கள் தாமாக வந்தார்கள். அதற்குச் சமுதாயத் தலைவர்கள் சிலர் முன்னின்றார்கள். சுமார் 20 வயது இளைஞராக இருந்த மூன்றாம் ஆகா கான் சுல்தான் முஹம்மது ஷா பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்கு இடம் போதாதபோது குஷ்ரு லாட்ஜ் என்ற தம் கட்டடத்தையும் கொடுத்தார். அவருடைய கோஜா சமூகத்தவர் ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். தாம் முதலில் செய்துகாட்டிவிட்டுப் பிறரை அழைப்பதன் பலன் அது. 1899 ஆகஸ்ட் 10 அன்று ஆய்வுக்கூடம் பரேலில் உள்ள பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது.

மல்கோவாலின் 19 பேர்

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமம், இன்று பாகிஸ்தானில் உள்ளது. அன்று 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் அவர்களில் 19 பேருக்கு டெட்டனஸ் எனும் ரணஜன்னி கண்டது. தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து, 19 பேரும் இறந்துபோனார்கள். அந்தப் பத்தொன்பது பேருக்கும் மருந்து எடுக்கப்பட்டது ஒரே புட்டியிலிருந்து.

அரசு அமைத்த விசாரணைக் குழு, பரேல் ஆய்வுக்கூடத்திலேயே கிருமி கலந்திருக்கவேண்டும் என்று முடிவு செய்தது. விரைவாகவும் அதிகமாகவும் தயாரிப்பதற்காக ஹாஃப்கின் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு வெப்பத்தை மட்டும் நம்பியதைக் குற்றமாகச் சொன்னது. அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். பெயர் கெட்டு, மனம் நொந்து இந்தியாவை விட்டுப் போனார்.

பிறகு வேறொரு உண்மை வெளியே வந்தது. புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதை முறையாகக் கிருமிநீக்கம் செய்யாமல் அதே இடுக்கியால் மூடியை எடுத்திருக்கிறார். ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. வெகுநாள் முன்பே புட்டிக்குள் புகுந்து வளர்ந்திருந்தால் துர்நாற்றம் அடித்திருக்கும், திறந்தபோது நாற்றமே இல்லை. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று நிறுவிய ரொனால்ட் ராஸும் வேறு பல அறிஞர்களும் 1907-ல் அவருக்காகப் பகிரங்கமாக எழுதினார்கள். அந்த ஆண்டே அவர் மீதான பழி நீங்கியது.

திரும்ப வந்தார். ஆனால் பரேலில் வேறொருவர் பொறுப்பில் இருந்தார். கல்கத்தாவில் ஒரு பணி கிடைத்தது, பழைய சுதந்திரம் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்று ஐரோப்பா சென்றவர் தம் மார்க்கக் கல்விக்காகச் சொத்தை எழுதி வைத்துவிட்டு, 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். மணம் செய்துகொள்ளாதவர். 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட பிளேக் ஊசிகள் 2 கோடியே 60 லட்சம். 1925-ல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டினார்கள், அது இன்றும் இயங்குகிறது.

அவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. மல்கோவாலில் இறந்த 19 பேரைப் பற்றி வரலாறு பேசும்போது எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கடந்துபோகிறது. மருந்து நல்ல மருந்துதான், செய்தவர் நேர்மையானவர்தான். இடுக்கி தரையில் விழுந்த ஒரு நொடிக் கவனக்குறைவு போதுமானதாக இருந்தது. ஆகவே ஒரு மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உடல்களை ஒப்படைக்க முடியாது. அதற்கு மேல் விதியும் கண்காணிப்பும் வேண்டும், தவறு நடந்தால் பதில் சொல்ல ஆளும் வேண்டும்.

இன்று நம் கையில் இருப்பவை

அந்த விதிகள் பல துயரங்களுக்குப் பிறகே எழுதப்பட்டன. நாஜி மருத்துவர்கள் முகாம் கைதிகளைச் சோதனைப் பொருளாக்கிய கொடுமைக்குப் பின் 1947-ல் நியூரம்பர்க் நெறிகள் வந்தன, 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. நம் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழு அதன்கீழ் செயல்படுகிறது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் 2019-ல் வந்தன. 2023-ல் அவற்றைத் திருத்தி, விலங்குகளுக்குப் பதிலாக மனித செல்கள் முதலியவற்றில் சோதிக்கும் முறைகளுக்கும் இடம் கொடுத்தார்கள்.

விதி ஏட்டில் இருந்தால் போதாது என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதி வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பின்னர் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. கேட்காமல் போட்டதுதான் குற்றம்.

நம் பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் ஊசிகள் சோதனை முடிந்து, ஆண்டுக்கணக்கில் பயன்பாட்டில் உள்ளவை. அவற்றைத் தயங்காமல் போட்டுக்கொள்ளவேண்டும். சோதனையில் உள்ள புதிய மருந்து என்றால் விஷயம் வேறு. அப்போது கேட்கவேண்டியவை சில உண்டு. இது சிகிச்சையா, ஆய்வா? இதுவரை யாரிடம் சோதித்திருக்கிறார்கள், என்ன பக்கவிளைவு தெரிந்திருக்கிறது? நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்கிறதா, மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள்? இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? தாள் நமக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும், சுயநினைவோடு இருக்கும் நோயாளி தாமே கையெழுத்திடவேண்டும். இவை யாரும் தரும் சலுகை அல்ல, நம் உரிமை.

செட்டியார்பட்டிக் குடும்பத்தின் கதையையும் சொல்லி முடிக்கிறோம். நன்னியின் கேள்வி உறுத்தவே, மகன் மறுபடி மருத்துவமனைக்குப் போய்த் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கி வந்தார். பெரியவர் இரண்டு நாள் அதைப் படித்தார். புரியாத இடங்களில் கோடு போட்டுக்கொண்டுபோய் மருத்துவரிடம் விளக்கம் கேட்டார். எலிகளிலும், பிறகு வேறு ஊர்களில் சம்மதித்தவர்களிடமும் ஏற்கனவே சோதித்திருப்பதை அவர் எடுத்துச் சொன்னாராம். நமக்கு முன் அவர்கள் தாங்கியிருக்கிறார்கள், நமக்குப் பின் வருபவர்களுக்காக நாமும் தாங்கலாம் என்று பெரியவர் முடிவு செய்தார். மகன் போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு, பிஸ்மி சொல்லித் தம் பெயரைத் தாமே எழுதினார்.